இலை நனைக்காமல் படுத்த நாட்கள்

என் ஜைத்தூன் அக்கா, என் தங்கமே,

உனக்குத் தமிழ் படிக்க வராது. எனக்கு உருது பேசத்தான் வரும், அதுவும் நீ விழுந்து விழுந்து சிரிக்கற அளவுக்குத்தான். அதனால தமிழ்லயே எழுதறேன், படிக்கறவங்க யாராவது உனக்குச் சொல்லட்டும். ஊர் கேட்டாலும் பரவால்ல. ராஜம்மா காலைல எழுந்திரிக்க மாட்டாங்கறது பேரணாம்பட்டுல தெரியாத ஆளா இருக்கு?

முதல்ல சேதி சொல்லிடறேன். உன் வீட்டுக்காரர் கரீம் பாய் நல்லா இருக்கார், தோல் பதனிடற டேனரிக்குப் போறார், வர்றார், சாப்பாடுதான் கம்மியா போச்சு. உன் நாத்தனார் நூரு இன்னும் இங்கதான் இருக்கா. புருஷன் வீட்ல இருந்து கூப்பிட ஆள் வரல. உன் வெள்ளாடு குட்டி போட்டுது, ரெண்டும் கிடா. மழையே இல்லக்கா. ஓடை காஞ்சு போய் டேனரி நாத்தம் நம்ம தெருவுக்குள்ளயே வந்து உக்காந்துடுச்சு. பீடிக் கடைல இலை நிறுத்துக் கொடுக்கற ஆள் மாறிட்டான், பழையவனே தேவலாம்னு எல்லாரும் சொல்றாங்க. என்னைக் கேட்டா, அலுத்துப் போய் இருக்கேன்.

அந்தக் காலை நேரம் எப்படின்னு உனக்குத் தெரியும். கண்ணு முழிச்சிடும், உடம்பு முழிக்காது. டேனரி சங்கு ஊதும். எங்க வீட்டுக்காரர் பழையதைக் குடிச்சுட்டு உங்க வீட்டு வாசல்ல நின்னு கரீம் பாயைக் கூப்பிட்டுக்கிட்டுப் போவார். தெருவுல குடம் உருளும், சேவல் கத்தும், நான் மட்டும் பாயில கிடப்பேன். ஜுரம் கிடையாது, வலி கிடையாது. எழுந்து இன்னா ஆவப்போவுதுங்கற ஒரே நெனப்பு, நெஞ்சு மேல ஈரச் சாக்கைப் போட்டாப்ல அமுக்கும். வெயில் ஏறினா அது தானா இறங்கிடும். சாயங்காலம் குழாயடியில எல்லார்கிட்டயும் வாயடிச்சுட்டு நிப்பேன். அதைப் பார்த்துட்டு, காலைல எனக்கு முடியலன்னா யார் நம்புவாங்க?

எங்க மாமியார் இருந்த வரைக்கும் "மகாராணி எழுந்தாச்சா?"ன்னு கேட்டே நாளை ஆரம்பிப்பா. ஒரு தரம் ஆலங்காயத்துப் பக்கம் யாரோ மந்திரிக்கறார்னு இழுத்துட்டுப் போனா. அந்த ஆள் வேப்பிலையால என் முதுகுல நல்லா சாத்தினதுதான் மிச்சம். வீட்டுக்காரர் பாவம், எழுந்ததும் மூஞ்சைக் கழுவுன்னு சொல்வார். எழுந்தாதானே கழுவறதுக்கு!

எல்லாரும் ஏன், ஏன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சாதானே சொல்ல? கேக்காதவ நீ ஒருத்திதான். நம்ம ரெண்டு கொல்லைக்கும் நடுவுல இருக்கற மண் சுவத்து மேல தலையை நீட்டி, "அரே ராஜம்மா, காரணமெல்லாம் சாயங்காலமா பேசிக்கலாம். இப்ப இலை காயுது, வா!"ன்னு சொன்னியே. அன்னைக்கு எனக்குக் கோவம்தான் வந்துது.

பீடி சுத்தாதவங்களுக்கு இந்த இலை சமாச்சாரம் புரியாது, அவங்களுக்காகச் சொல்றேன். கடைல கொடுக்கறது காஞ்ச இலை. ராத்திரியே அதை நனைச்சு ஈரச் சாக்குல சுத்தி வெச்சாதான் காலைல கத்திரிக்குப் பதமா வரும். நனைச்சுட்டா அப்புறம் அது நம்ம பேச்சைக் கேக்காது. வெயில் ஏறறதுக்குள்ள வெட்டியாவணும். விட்டா சுருண்டுக்கும், நொறுங்கும். மறுபடி நனைச்சா கறுத்துடும், கடைல கழிச்சுத் தூக்கிப் போடுவான்.

ஒருநாள் சாயங்காலம் நீ சுவத்தைத் தாண்டிக் கையை நீட்டி, "உன் இலைக் கட்டைக் கொடு"ன்னே. எதுக்குன்னு கேட்டேன். "கொடுன்னா கொடு"ன்னு பிடுங்கிட்டுப் போய் உன் தொட்டியிலயே என்னுதையும் நனைச்சே. மறுநாள் விடிஞ்சதும் ஈரச் சாக்கைச் சுவத்து மேல தூக்கி வெச்சுட்டு, தெருவே கேக்கற மாதிரி கத்தினே. "ராஜம்மா! உன் இலை இங்க இருக்குது! ஆடு தின்னா நான் ஜவாப்தாரி இல்ல!" ஆடும் நிஜமாவே காலைத் தூக்கி வெச்சுட்டு நின்னுது, படுபாவி. நான் முடியை அள்ளி முடிஞ்சுட்டு ஓடி வந்தேன். வந்துட்ட பிற்பாடு, வந்தாச்சேன்னு உக்காந்து வெட்டினேன்.

அப்படித்தானே நம்ம காலம் ஓடிச்சு? சுதந்திரம் வந்த வருஷம் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவ நான். பொண்ணு பொறந்தப்பவும் சரி, மாமியார் போனப்பவும் சரி, என் இலை உன் வீட்லதான் நனைஞ்சுது. நீ கத்துவே, நான் முனகிக்கிட்டே வருவேன். "இன்னா மூஞ்சி இது, புளிச்ச மோர் மாதிரி"ன்னு திட்டுவே. நானும் சும்மா இருப்பேனா? "உனக்கென்னக்கா, அல்லா உன்னைச் சிரிச்ச மூஞ்சோட அனுப்பிட்டார். காலைலயே எப்படித்தான் இவ்ளோ சத்தம் வருதோ"ன்னு சொல்வேன். நீ முறத்தை மடியில இழுத்து வெச்சுக்குவே.

அப்புறம் அந்தச் சளி. சாதா இருமல்னு நீதான் சொன்னே. வேலூருக்குக் கொண்டு போறப்போ மாட்டு வண்டியில உக்காந்துக்கிட்டு, ரெண்டு நாள்ல வந்துடுவேன், வெய்யில்ல நிக்காதேன்னு என்னைத்தான் விரட்டினே. நீயா வந்தே? உன்னைத்தான் தூக்கிட்டு வந்தாங்க. அடக்கம் பண்ண ஜனாஸாவை எடுத்துட்டுப் போன பிற்பாடு, பொம்பளைங்க எல்லாம் உள்ள அழுதுட்டு இருந்தாங்க. நான் கொல்லைப் பக்கம் போனேன். தொட்டிக்குப் பக்கத்துல ரெண்டு சாக்குக் கட்டு அப்படியே இருந்துது, ஒண்ணு உன்னுது, ஒண்ணு என்னுது. போறதுக்கு முந்தின ராத்திரி, அவ்ளோ இருமலோட நனைச்சு வெச்சிருக்கே. வெள்ளையா பூசணம் பூத்துப் போயிருந்துது. அங்கயே உக்காந்து வாய்விட்டு அழுதேன்க்கா.

அதுக்கப்புறம் நான் ஒரு தந்திரம் கத்துக்கிட்டேன். இலையை நனைக்காமயே படுத்துக்கறது. காஞ்ச இலை எத்தனை நாள் வேணும்னாலும் கிடக்கும், ஒண்ணும் ஆவாது. ராத்திரி நனைக்கலன்னா காலைல யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், பாரு. முதல் நாள் பயமா இருந்துது. பழகினதும் அதுல ஒரு சுகம் இருந்துது. கடைக்காரன் பார்த்துப் பார்த்து, வர்ற வாரமும் இப்படியே காலி முறத்தோட வந்தா உன் இலை வாங்கற கார்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னுட்டான். நான் சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் திட்டுவார்னு பார்த்தா திட்டல. பாய்க்குப் பக்கத்துல குந்தி, "வேணாம்னா வுட்டுடு ராஜம். நான் பார்த்துக்கறேன்"ன்னார். அன்புலதான் சொன்னார், இல்லைங்கல. ஆனா எனக்கு, இவளால இனிமே ஆவாதுன்னு அவரும் முடிவு பண்ணிட்டார் போல இருந்துது. அன்னைக்குத்தான் எனக்கே பயம் வந்துது, இப்படியே பாயோட பாயா போய்டுவேனோன்னு.

உன் நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிஞ்ச மறுநாள், கரீம் பாய் சுவத்துகிட்ட வந்து நின்னார். நீ நிக்கற எடத்துலயேதான். பொழுது சாயற நேரம்.

"ராஜம்மா, நூரு உன்னாட்டமே படுத்துக் கிடக்கறாம்மா. ஜைத்தூன் கார்டுலதான் இலை வாங்கியாந்தா, தொடவே இல்ல. நீ வந்து எழுப்பேன்"னார்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "இன்னா பாய், நல்ல ஆளைப் பார்த்துக் கேக்கறீங்க! நானே கெடக்கறேன், நான் போய் எழுப்பறதா?"

"நீதானேம்மா ஜைத்தூனை எழுப்பினே?"

எனக்கு ஒண்ணும் புரியல. அவரே சொன்னார். "அவளுக்குக் காலைன்னா பெரிய பேஜார். விடியக்காலை ஃபஜ்ருக்கு எழுந்து தொழுவா, தொழுதுட்டு மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. கூப்பிட்டா அழுவா. கல்யாணம் ஆன நாளா அப்படித்தான். நான் சொல்லிப் பார்த்தேன், எங்க அம்மா அடிச்சே பார்த்தா, நடக்கல. உன் இலையை வாங்கி நனைக்க ஆரம்பிச்ச பிற்பாடுதான் எழுந்தா. 'யா அல்லா, அந்தப் பொண்ணு இலை என்கிட்ட இருக்குதே'ன்னு முனகிக்கிட்டே எழுந்துப்பா. தன் இலைக்காக அவ ஒரு நாளும் எழுந்து நான் பாக்கல."

அடி மோசக்காரி! எனக்கு வந்த கோவத்துக்கு நீ மட்டும் எதிர்ல இருந்திருந்தா முறத்தாலயே ஒண்ணு வெச்சிருப்பேன். புளிச்ச மோருன்னு என்னைத் திட்டினியே, உன் மூஞ்சி இன்னா பாலாவா இருந்துது? அப்புறம்தான் ஒண்ணொண்ணா நெனச்சுப் பார்த்தேன். காலைல உன் குரல் கட்டிப் போய்த்தான் இருக்கும். கன்னத்துல பாயோட தடம் பதிஞ்சிருக்கும். கத்திட்டு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு நிப்பே. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஒண்ணும் கேக்கத் தோணல.

இதைக் கேட்டதும் மறுநாளே துள்ளி எழுந்துட்டேன்னு நெனைக்காதே. எழுந்திரிக்கல. அதுக்கு மறுநாள் சாயங்காலம், எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்து, சுவத்துகிட்ட போய் நூருவைக் கூப்பிட்டேன். "உன் இலைக் கட்டைக் கொடு"ன்னேன். எதுக்குன்னு கேட்டா. கொடுன்னா கொடுன்னேன். வேண்டா வெறுப்பா தூக்கிப் போட்டுட்டுப் போனா. ரெண்டு கட்டையும் நனைச்சு, சாக்குல சுத்தி, பெருமையா படுத்தேன்.

காலைல இன்னா ஆச்சு தெரியுமா? நான் தூங்கிட்டேன். தூங்கக்கூட இல்ல, முழிச்சுக்கிட்டே கெடந்தேன். இதோ எழுந்துடறேன், இதோன்னு சொல்லிச் சொல்லியே வெயில் ஏறிப் போச்சு. சாக்கு வெச்ச எடத்துல நேரா வெயில். மேல் இலையெல்லாம் சுருண்டு போச்சு.

அப்ப வந்துது பாரு ஒரு சத்தம்! "எக்கா! ஏ ராஜம்மாக்கா! உன் இலை எப்படியாவது போவட்டும், என் இலையை வாங்கி வெச்சுக்கிட்டுத் தூங்கறியே, வெக்கமா இல்ல? எங்க அண்ணியா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பாளா?" நூருதான்க்கா! நாப்பது நாளா காலைல பாயை விட்டு எழுந்திரிக்காதவ, தலைவிரி கோலமா சுவத்து மேல பாதி ஏறி நின்னு என்னைத் திட்டறா. அக்கம்பக்கத்துக்காரிங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது, அதே நேரம் சிரிப்பும் தாங்கல. "திட்டுடி, நல்லா திட்டு. எழுந்துட்டே இல்ல?"ன்னேன். அவ ஒரு நிமிஷம் முழிச்சா. அப்புறம் சுவத்துலயே மூஞ்சை வெச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. நானும் அழுதேன். அழுது முடிச்சுட்டு, உள்பக்கம் ஈரம் இருந்த இலையை மட்டும் பொறுக்கி ரெண்டு பேரும் வெட்டினோம். கடைக்காரன் மூஞ்சை சுளிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டான். கார்டு ரெண்டும் இன்னும் நம்மகிட்டதான் இருக்கு.

இப்ப இலையை மாத்திக்கிட்டோம். அவ இலை என் தொட்டியில நனையுது, என்னுது அவ தொட்டியில. எந்தப் பக்கம் தூங்கினாலும் அடுத்தவ இலை போய்டும். சில நாள் நான் கத்தறேன், சில நாள் அவ கத்தறா. சில நாள் ரெண்டு பேருமே லேட்டு. ஈரச் சாக்கு கனம் அப்படியேதான் இருக்குக்கா, போகல. அதோடயே எழுந்துக்கறேன், அவ்ளோதான்.

என்கிட்ட ஏன் சொல்லல? நான் சின்னவ, தாங்க மாட்டேன்னா? இல்ல, நீயும் விழுந்துட்டா என்னைத் தூக்க ஆளில்லன்னு நெனச்சியா? எனக்கு மட்டும்தான் இப்படி ஒரு கேடுன்னு அத்தனை வருஷம் நம்பிக்கிட்டு இருந்தேனே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு நாளாவது நான் முதல்ல எழுந்து வந்து உன்னைக் கூப்பிட்டிருப்பேன். முடியாதுக்கா, படுத்துக்கன்னாவது சொல்லியிருப்பேன். நீ என்னைக் கூப்பிட்ட மாதிரி உன்னை ஒருத்தர் கூப்பிட்டு எழுப்பி நீ பாக்கவே இல்லையே.

காலைல சந்தோஷமா எழுந்திரிப்பேன்னு உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அது பொய்யாப் போய்டும். ஆனா நூருவை, ராஜம்மாக்காவுக்கு எல்லாம் சுலபம், எனக்குத்தான் இப்படின்னு நெனைக்க விடமாட்டேன். நாளைக்குச் சுவத்துகிட்ட போய், "எனக்கும் இன்னைக்கு முடியல நூரு, வா"ன்னு சொல்லித்தான் கூப்பிடுவேன். என் பொண்ணு பெரியவளாகி ஒருநாள் படுத்துக் கிடந்தா, அவகிட்டயும் இப்படியேதான் சொல்வேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
ராஜம்மா