மடியில் வைத்துக்கொண்ட பை

18-6-79, திங்கள்

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஏழேகால் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. சேலத்தில் ஏறினால் மல்லசமுத்திரம் வரை ஒற்றைக்காலில் தவம். ஒரு கையில் குடை, மறு கையில் பை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கையை ஆண்டவர் கொடுக்கவில்லை. உட்கார்ந்திருந்த ஒருவர், "கொடுங்க, மடியில வெச்சுக்கறேன்" என்று பையை வாங்கிக்கொண்டார். இறங்கும்போது பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

அப்பாவுக்கு இன்னும் மனசில்லை. "பேச்சு ஏதாச்சும் வந்துச்சு, அன்னிக்கே வேலைக்கு முழுக்கு" என்கிறார். ஆசிரியப் பயிற்சி முடித்து இரண்டு வருஷம் வீட்டில் அடுப்பூதிய பிறகு கிடைத்த வேலை. பேச்சு எதற்கு வரப்போகிறது?

5-7-79

அதே ஆள், அதே சீட். தினமும் பையை வாங்கிக்கொள்கிறார்.

16-7-79, திங்கள்

பையை வாங்கிக்கொள்கிறவனும் மல்லசமுத்திரத்தில்தான் இறங்குகிறான். இறங்கி, ரோட்டைத் தாண்டி நின்று, சேலம் போகிற பஸ்ஸில் திரும்பி ஏறிக்கொள்கிறான். இன்று பள்ளி வாசலில் திரும்பிப் பார்த்ததால் தெரிந்தது. ஒரு மாதமாகத் திரும்பியே பார்க்காமல் நடந்திருக்கிறேன். மடச்சி.

19-7-79

பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் மெதுவாக, "ஞானமேரி."

பெயர் எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்தேன். மூடியில் அம்மா கடையில் வெட்டி வாங்கிய பெயர்: சி. ஞானமேரி. பையின் பக்கத்து அறையில் அக்கா போட்ட இன்லண்ட் லெட்டர், வீட்டு விலாசத்தோடு. தினமும் ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தவனுக்கு என்ன அவசரம், நிதானமாகப் படித்திருப்பான்.

சௌந்திரம் டீச்சரிடம் மட்டும் சொன்னேன். உள்ளூர் தோட்டக்காரர் வீட்டுப் பெண், எதற்கும் அசராதவள். "ஏனுங்க, பையை ஆம்பளைங்க ஆருகிட்டயும் குடுக்காதீங்க. முதுகைக் கம்பிக்குக் காட்டி நில்லுங்க, சனத்துக்குக் காட்டாதீங்க. ஊக்கு ஒண்ணு வெரலுக்குள்ளாரயே இருக்கோணும்" என்றாள்.

2-8-79

இடது புருவத்தில் தழும்பு. வயது முப்பதுக்குள். நடக்கும்போது செருப்பைத் தேய்ப்பான். திரும்பிப் பார்க்காமலே எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று சொல்லிவிடுவேன். இறங்கியதும் நேரே நடப்பதில்லை. டீக்கடை முன்னால் நிற்கிறேன், அவன் என்னைத் தாண்டிப் போகட்டும் என்று. அவனும் நிற்கிறான்.

வகுப்பிலும் கதவைப் பார்த்தபடிதான் நிற்கிறேன். பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லித்தர வேண்டியவள், வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

21-8-79

ஆட்டையாம்பட்டி தாண்டியதும் இடுப்பில் கை. ஊக்கால் குத்தினேன். நன்றாகவே குத்தினேன்.

அவன் கத்தவில்லை. கையை உயர்த்தி ரத்தத்தை எல்லாருக்கும் காட்டினான்! கண்டக்டர் தீர்த்தகிரி என்னைத்தான் முறைத்தார். "கூட்டம்னா நாலு பேரு மேல படத்தாம்மா செய்யும். இப்படியா குத்துவாங்க, படிச்ச பொண்ணு?" ஒரு அம்மா அவனுக்குக் கைக்குட்டை கொடுத்தாள்.

நான் என்னத்தைச் சொல்றது? இடுப்புல கை வெச்சான்னு அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது? சொன்னா சாயங்காலத்துக்குள்ள அப்பா காதுக்குப் போயிடாதா? வாயை மூடிக்கிட்டு நின்னேன். திருடி மாதிரி நின்னேன்.

10-9-79

ஒரு வாரமாக ஆறரை மணி பஸ். விடியுமுன் எழுந்து ஓட்டம்தான், ஆனாலும் நிம்மதி. இன்று வழியெல்லாம் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு போனேன்.

11-9-79

ஆறரை பஸ்ஸிலும் இருக்கிறான்.

25-11-79, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், பெண் கேட்டு, முன்னறையில் கோயில் உபதேசியாரோடு உட்கார்ந்திருக்கிறான். அதே தழும்பு. பெயர் ஞானதாஸ். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சூப்பர்வைசர். நம்ம வேதக்காரர் குடும்பம், சொந்த வீடு, சீதனம் வேண்டாம். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

அவன் காபியைக் குடித்துவிட்டுச் சொன்னான்: "டீச்சரை எனக்கு நல்லாத் தெரியுங்க. தினமும் பையை என்கிட்டதான் கொடுப்பாங்க."

அப்பாவின் முகம் மாறியது.

அவன் போனதும் எல்லாத்தையும் சொன்னேன். ஊக்கு வரைக்கும் சொன்னேன். "இத்தனை மாசமா ஏண்டி சொல்லல?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பையைக் கொடுத்தியா, இல்லையா?"

கொடுத்தேன். கொடுத்தேனே!

6-1-80, ஞாயிறு

கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். என் பெயர், அவன் பெயர். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரியும். யாரிடம் சொல்வது?

9-1-80

பங்குச் சாமியாரிடம் போனேன். பொறுமையாகத்தான் கேட்டார். "முறையில்லாத உறவு, முந்தின கல்யாணம், இதெல்லாம்தான் தடைம்மா. இப்ப முறையா வந்து பொண்ணு கேட்டிருக்கானே" என்றார். பிறகு, "உனக்குச் சம்மதம்தானே?" என்றார். கதவுக்கு வெளியே அப்பா நின்றிருந்தார், என் குடையைப் பிடித்துக்கொண்டு. நான் அழுதேன். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தான் என்று சிரித்தார்.

13-1-80

இரண்டாவது ஓலை.

20-1-80

மூன்றாவது ஓலை. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

25-1-80

ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். சௌந்திரம் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாஞ் சொன்னதெல்லாம் பஸ்ஸுல நிக்கறதுக்குங்க. ஊட்டுக்குள்ளயே வாரவனுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்களே." அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

13-6-83, திங்கள்

டிரங்குப் பெட்டியின் அடியில் இந்த நோட்டு கிடைத்தது. அவர் பட்டறைக்குப் போயிருக்கிற நேரம். இதை மட்டும் எழுதிவிட்டு எரித்துவிட வேண்டும்.

நேற்று முன்தினம் ஆட்டையாம்பட்டியில் அவருடைய அத்தை வீட்டுக்குப் போனோம். அதே ஏழேகால் பஸ். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர். கொண்டலாம்பட்டியில் ஒரு பெண் ஏறினாள். புதுக் குடை, புதுப் பை, கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல் தடுமாறினாள்.

"கொடும்மா, மடியில வெச்சுக்கறேன்" என்று அவர் கையை நீட்டினார்.

குறுக்கே எட்டிப் பையைப் பிடுங்கிக்கொண்டேன். டிபன் பாக்ஸ் இன்னும் சூடாக இருந்தது. பையின் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அவர் சிரித்தார்.

ஆட்டையாம்பட்டி வந்ததும், "எந்திரி" என்றார். அவர் முன்னால் அந்தப் பெண்ணிடம் என்ன பேச முடியும்? தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

இறங்கி, முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் செருப்புத் தேய்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.