வெடி கேட்காத காலை

அன்பானவளுக்கு,

பனிப்புயலால் கேபிள் கார் நின்றுவிட்டது, தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அது திரும்ப ஓடத் தொடங்கியதும் இந்தக் கடிதத்தைக் கீழே கொடுத்துவிடுவேன். நான் வேலை செய்யும் இந்த மலை உணவகத்துக் குசினி சூடாகத்தான் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

இங்கே புதுப்பனி விழுந்தால் காலையில் ஹெலிகாப்டரில் போய் மலைச்சரிவில் வெடி போடுவார்கள். பனி மொத்தமாகச் சரிந்து ஆட்களை மூடுவதற்கு முன், கொஞ்சங் கொஞ்சமாக இறக்கிவிடத்தான். வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு நான் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்ததை உமக்குச் சொல்லவில்லை. ஊரில் குண்டுச் சத்தத்துக்குப் பழகிய உடம்பு. திரும்பிப் பார்த்தால், பாத்திரம் கழுவுகிற தவராசா அண்ணையும் பக்கத்தில் கிடந்தார். இருவரும் சிரித்துக்கொண்டு எழும்பினோம்.

மூன்று நாளாகப் பனி விடவில்லை. காற்றில் ஹெலிகாப்டர் பறக்க முடியாதாம். விழுந்த பனி முழுவதும் எங்கள் கூரைக்கு மேலே உள்ள சரிவில்தான் இறங்காமல் நிற்கிறது.

"இண்டைக்கும் சத்தத்தைக் காணேல்லையே, தம்பி" என்றார் அண்ணை.

"காத்து விட்டால் போடுவாங்கள், அண்ணை" என்றேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்.

பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். விளக்கு ஏற்றும்போது மட்டும், இங்கே வெடிச் சத்தம் கேட்கவேண்டும் என்று கும்பிடும்.

உம்மையே நினைத்திருக்கும்,
உம்முடையவன்