தேன்கனிக்கோட்டையில் பத்து நிமிடம் நிற்கும் பஸ்

என் மஞ்சுவுக்கு,

நீ இருக்கும்போதே உன்னிடம் ஒன்று கேட்டு வைத்திருக்க வேண்டும். அந்த பஸ் எந்த வழியாகப் போகும்? ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் விட்டதில், நம் சிந்துவைக் கொண்டுபோய் ஜவளகிரியில் உன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நான் தனியாகத் திரும்பும் நிலைமை வரைக்கும் போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்வேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். என் சுபாவம் உனக்குத் தெரியாதா?

சிந்துவுக்கு ஒரு வயதிலிருந்தே கரப்பான். கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கணுக்கால் என்று தோல் காய்ந்து சிவந்து வெடிக்கும். சொறிந்தால் நீர் வடியும். இதற்கு மருந்தைவிட முக்கியம் க்ரீம்தான் என்றார் டாக்டர். காலையும் சாயங்காலமும் குளித்த கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே உடம்பு முழுக்கத் தடவ வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன். செய்தது நீ.

எப்படிச் செய்தாய் என்பதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதால் கேட்டதோடு சரி. கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருப்பேன். உள்ளறையிலிருந்து உன் குரல் வரும். "ஓசூர் பஸ் ஸ்டாண்ட், ஓசூர் பஸ் ஸ்டாண்ட். ஏறுங்க, ஏறுங்க. படியில நிக்காதீங்க. ஸ்வல்ப முந்தே ஹோகி." கொஞ்சம் முன்னால் போகச் சொல்கிறாயாம். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்டக்டர்கள் மாதிரி பாதி தமிழ், பாதி கன்னடம். அப்புறம் வாயாலேயே ஒரு விசில். "ரைட், ரைட்." இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நாலு நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகும்.

ஒரு நாள் நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஒரு க்ரீம் தடவ எதுக்கு மஞ்சு இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" நீ கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு இன்னாத்துக்குங்க அந்தக் கவலை? டீ ஆறுது, குடிங்க" என்றாய். நானும் குடித்தேன்.

ஆறு நாள் காய்ச்சலில் நீ போனாய். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றதை எழுத முடியாது.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் உன் அக்கா ரத்னா மதினி கூடவே இருந்து, பாட்டு பாடியோ கெஞ்சியோ, எப்படியோ சிந்துவுக்கு க்ரீம் தடவிவிட்டார். அவரும் ஊருக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம் டப்பா என் கைக்கு வந்தது. குளித்துவிட்டு வந்த சிந்து என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், துண்டோடு ஓடிவிட்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கடைசியில் பிடித்து உட்கார வைத்துத் தடவினேன். வீறிட்டு அழுதாள். இனி பலவந்தம் பண்ணக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு எனக்குத் தெரிந்த வழியில் போனேன். சார்ட் போட்டேன். வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினொரு வருடமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருப்பவன் வேறு என்ன செய்வான்? உடம்பை எட்டு இடமாகப் பிரித்து, எதிரே முப்பது நாளுக்குக் கட்டம் போட்டு, தடவியதும் அவளே டிக் அடிக்க வேண்டும், வாரக் கடைசியில் ஸ்டார் ஒட்டுவேன் என்றேன். இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் பார்த்தால் மாதம் முழுமைக்கும் ரோஸ் ஸ்கெட்ச் பேனாவால் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறாள், இன்னும் வராத தேதி உட்பட. ஆடிட்டுக்கு முந்தின நாள் வளர்ந்தவர்களே இந்த வேலை செய்து பார்த்திருக்கிறேன். அதனால் கோபம் வரவில்லை.

ஆனால் தோல் டிக் மார்க்கைப் பார்த்து ஆறுமா? முழங்கால் மடிப்பு இரண்டும் புண்ணாயின. பள்ளியிலிருந்து போன் வந்தது, சொறிந்து சொறிந்து யூனிஃபார்மில் ரத்தக் கறை என்று. இன்னொரு தடவை இப்படி வந்தால் அட்மிட் செய்ய வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். கேள்விப்பட்டு மதினி மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். சிந்துவின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. வேலைக்கும் போயிக்கினு இத்தையும் பாத்துக்கினு உங்களால ஆவாது. காலாண்டு லீவுல கொண்டாந்து எங்கூட்டுல உடுங்க. அங்கியே ஸ்கூல்ல சேத்துக்கலாம். வாராவாரம் வந்து பாருங்க, யாரு வேணாங்கறாங்க?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. "சரி மதினி" என்றேன்.

லீவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அப்போதுதான் உன் பஸ் எனக்கு ஞாபகம் வந்தது. இத்தனை நாள் வராதது ஏன் என்று கேட்காதே. கடையில் ஒரு விசில் வாங்கினேன். போனில் மேப்பைத் திறந்து ஓசூரிலிருந்து ஜவளகிரிக்கு வழி பார்த்தேன். மத்திகிரி, தளி, ஜவளகிரி. நான் உன்னை பைக்கில் உங்கள் ஊருக்குக் கூட்டிப்போகும் அதே வழி. கழுத்து ஓசூர், கை மத்திகிரி, கால் தளி, பாதம் ஜவளகிரி என்று ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

சாயங்காலம் தோளில் துண்டைப் பை மாதிரி மாட்டிக்கொண்டு, "ஓசூர் பஸ் ஸ்டாண்ட், ஏறுங்க" என்றேன். மஞ்சு, அவள் உட்கார்ந்தாள். தானாக வந்து, பாயில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டினாள். மத்திகிரியில் இரண்டு கையையும் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விசில் அடித்து, "அடுத்து தளி" என்றேன். நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

"தேன்கனிக்கோட்டை எங்கப்பா?"

"அது சுத்துடா தங்கம். தளிக்கு நேராவே ரோடு இருக்கு. சீக்கிரமா போயிரலாம்."

"அப்ப இது கம்பெனி பஸ்ஸு. எங்கியும் நிக்காது. எனக்கு வேணாம்."

எழுந்து போய்விட்டாள். நான் வாயில் விசிலோடு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது நிஜம். அருப்புக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் இந்த ஊரில் தினமும் ஏறி இறங்குவது கம்பெனி பஸ்தான். ஏறினால் தூக்கம், கண் விழித்தால் கேட். நடுவில் என்ன ஊர் இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்?

லீவு விட்டதும் அவளை விடக் கிளம்பினோம். இரண்டு பை துணி, அவள் புத்தகங்கள், க்ரீம் டப்பா. டாக்ஸி சொல்லலாம் என்றேன். "அம்மா பஸ்ஸுல போலாம்" என்றாள். நீ கல்யாணத்துக்கு முன்னால் ஓசூருக்கு வேலைக்கு வந்து போன வழி அது, தேன்கனிக்கோட்டை போய் அங்கே வண்டி மாறுவது. உன் கூட அந்த வழியில் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

ஓசூரில் பஸ் கிளம்பியதும் சிந்து சட்டைக் காலரை இறக்கினாள். நான் புரியாமல் பார்த்தேன். "ஓசூர்ப்பா" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். டப்பாவைத் திறந்தேன். மத்திகிரியில் நிஜக் கண்டக்டர் விசில் அடிக்கும்போது அவள் கையை மடக்கிக் காட்டினாள். இதற்கு முன்னால் பஸ்ஸில் யாருக்கும் நான் க்ரீம் தடவியது இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தளி வழியாக ஜவளகிரி போகும் வண்டிக்கு மாறி உட்கார்ந்தோம். எடுக்கப் பத்து நிமிடம் ஆகும் என்றார் கண்டக்டர். சிந்து என் மடியில் குப்புறப் படுத்து, முழங்கால் மடிப்பைக் காட்டினாள்.

"இங்க டீ குடிக்கணும்ப்பா. டீ சூடா இருக்கும். அம்மா ஊதிக்கினே தடவும். ஊதலன்னா எரியும்."

மஞ்சு, எரியும் என்று எனக்குத் தெரியாது. வெடித்த தோலில் க்ரீம் பட்டால் எரியத்தான் செய்யும், யோசித்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. அவள் கட்டிலைச் சுற்றி ஓடியது அடத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் முழங்கால் மடிப்பு என்று எழுதி எதிரே கட்டம் போட்டேன். நீ அந்த இடத்தில் ஒரு டீக்கடை வைத்திருந்தாய். அதற்காகத்தான் அந்தச் சுற்று வழி. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம்தான். உள்ளே வந்து பார்க்காதது நான்தானே?

ஊதினேன். ஊதிக்கொண்டே தடவினேன். முன் சீட்டில் பீன்ஸ் மூட்டையோடு இருந்த அம்மா திரும்பி, குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். "ஏனாயித்து மகுகே?" சிந்து படுத்தபடியே, "ஏனில்லா, டீ பிசி ஐதே" என்றாள். ஒன்றுமில்லை, டீ சூடாக இருக்கிறதாம். அந்த அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, "நிதானமா குடி கண்ணு" என்று தமிழில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்க முடியாமல் இரண்டு கையிலும் க்ரீம்.

தளியில் குளிரும் என்பதால் சாக்ஸை இறக்கிக் கணுக்காலுக்குத் தடவியதும் உடனே ஏற்றிவிட வேண்டுமாம். தளி தாண்டிக் காடு ஆரம்பித்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"இனிமே பேசக் கூடாது. யானை தாண்டும். ஹாரனும் அடிக்கக் கூடாது."

"எத்தனை யானை?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"பத்து. எல்லாம் ஷூவுக்குள்ள இருக்குது."

மதினி வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஷூவைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாகத் தடவினேன். ஒவ்வொரு யானையும் ஆடி ஆடித் தாண்டியது. மூன்று பேரும் பேசவில்லை. மதினிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பேசவில்லை. பத்தாவது யானை தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"இங்கியே பெரியம்மாகூட இருந்துக்கறியா கண்ணு?"

என் கை டப்பா மூடியிலேயே நின்றது. எது சொன்னாலும் ஒத்துக்கொள்வதென்று நினைத்துத்தான் வந்திருந்தேன்.

"இல்ல பெரியம்மா. இது ஓசூர் பஸ்ஸு. நைட் ஹால்ட் கெடையாது. திரும்பிப் போவணும்."

மதினி என்னைப் பார்த்தார். சிந்துவின் காலைப் பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி, ஓட்டிப் பாருங்க. மறுபடியும் புண்ணுன்னு கேள்விப்பட்டேன், நானே வந்து கூட்டிக்கினு வந்துருவேன்" என்றார். அதற்கும் சரி மதினி என்றுதான் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு, கொண்டுபோன இரண்டு பையையும் பிரிக்காமலே மத்தியான பஸ்ஸில் திரும்பினோம்.

இப்போதைய நிலவரம் இது. முழங்கால் மடிப்பு இரண்டும் ஆறிவிட்டன. கழுத்தில் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது, பனிக்காலம் போனால் சரியாகும் என்கிறார் டாக்டர். சார்ட்டைக் கிழித்துவிட்டேன். ஆனால் என் தொழில் வீண் போகவில்லை. வாரம் இரண்டு முறை செக்கிங் ஆபீசர் பஸ்ஸில் ஏறுவார், க்ரீம் படாத இடத்தைக் கண்டுபிடித்து அபராதம் போடுவார். அபராதம் ஒரு கிச்சுகிச்சு. ஆயில் பட்டு வெடித்துப் போன என் கைக்கும் அவள் ஒரு ரூட் விட்டிருக்கிறாள். அது அருப்புக்கோட்டை போகிறது. வழியில் உள்ள ஊரெல்லாம் என்னைத்தான் சொல்லச் சொல்கிறாள்.

அன்றைக்குத் திரும்பும்போது நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். "நீதான் இனிமே கண்டக்டரு. விசில் நீ அடி" என்றாள். டிரைவர் யார் என்று கேட்டேன். இதைப் போய்க் கேட்கிறாயே என்பது போலப் பார்த்தாள். "டிரைவரு எப்பவும் அம்மாதான்" என்றாள். அப்படியென்றால் நான் அம்மாவிடம் பேசிக்கொண்டே வரலாமா என்று கேட்டேன். அவள் இப்போது எழுத்துக் கூட்டி நன்றாகப் படிக்கிறாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எழுதியிருந்ததை விரலால் காட்டிப் படித்தாள். "ஓட்டுநருடன் பேசாதீர்." படித்துவிட்டு, "பேசக் கூடாதுப்பா. விசில் அடிச்சாலே அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

அதனால் இந்தக் கடிதமே விதிமீறல்தான், மஞ்சு. இந்த ஒரு தடவை மன்னித்துவிடு. தேன்கனிக்கோட்டையில் பத்து நிமிடம் நிறுத்துவேன். டீயை ஊதுவேன். யானை தாண்டும்போது மூச்சுக்கூட விடமாட்டேன். குறுக்கு வழி எதிலும் போகமாட்டேன். சாயங்காலம் ஆறரைக்கு விசில் கேட்டால் வண்டியை எடு.

சிந்துவின் அப்பா,
உன் கண்டக்டர்