இடக்கைக்காரனின் ரிட்டர்ன் டிக்கெட்

ஜூலை 15, செவ்வாய்

அபுதாபி, முசஃபா. காலையிலேயே கண்ணாடி வேர்க்கிற புழுக்கம். கிளட்ச் பிளேட் பெட்டிகள் இன்னும் துறைமுகத்தில். ஆள் அனுப்ப வேண்டும்.

ஆறரைக்கு ஆல்வின் போன், அமெரிக்காவிலிருந்து. ஒரு பேஸ்பால் டீம் அவனை எடுத்துவிட்டதாம். டீம்கள் முறைபோட்டு ஆள் எடுப்பார்களாம்; இவன் பன்னிரண்டாம் சுற்றில். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "ஆயிரக்கணக்கான பசங்கள்ல என்னை எடுத்திருக்காங்கப்பா" என்றான். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா நைட் டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் யூனிஃபார்மோடு முழங்கால் போட்டு ஜெபம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகனை அனுப்பியது இஞ்சினியராக. மார்க் போதவில்லை, அதனால் ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ், பிறகு யூனிவர்சிட்டிக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்கள். சவூதியில், அல் கோபாரில் இருந்தபோது அமெரிக்கப் பிள்ளைகளோடு பந்து எறிவான். பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டேன். இடக்கையால் எறிகிறவனுக்கு அங்கே கிராக்கியாம். இடக்கையால் சோறு அள்ளாதே என்று எத்தனை அடி அடித்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

டீம் ஆளோடு பேச்சு, ஆல்வினும் லைனில். வியாபார வழக்கப்படி, வேறு ரெண்டு டீமிலும் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றேன். ஆல்வின் அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

பிறகு ஆல்வின் தனியாக: "அப்பா, ஸோ எம்பாரஸிங். என்னை எடுத்த டீம் மட்டுந்தான் எங்கிட்ட பேசலாம்."

"கையெழுத்துப் போட்ட பொறவு?"

"வருஷக்கணக்கா இவங்களோடதான். இவங்க விட்டாதான் வேற டீம்."

"அப்ப கஃபீலு. இங்க அரபி முதலாளி விட்டாத்தான வேற வேலைக்குப் போவ முடியும்."

"எல்லாத்தையும் கஃபீலாக்காதீங்கப்பா."

வாங்க ஒரே ஒருத்தன் உள்ள சந்தை. நான் பார்த்ததில்லை.

பக்கத்து ஒர்க்‌ஷாப் குல் பாய், "கிரிக்கெட்டா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க எனக்கும் தெரியாது.

ஜூலை 17, வியாழன்

கேட்டுத் தெரிந்துகொண்டவை:
- உச்சம் மேஜர் லீக். கீழே நாலைந்து படி. இவன் அடிப்படியில்.
- ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் இஷ்டம்.
- ஊர் ஊராக பஸ். ஒரே ரூமில் பல ஆட்கள்.
- தோள் போனால் கலாஸ், எல்லாம் முடிந்தது.
- கையெழுத்துப் போடாவிட்டால் யூனி.யில் ஸ்காலர்ஷிப்போடு இடம். மாசக் கடைசிக்குள் முடிவு.

லேபர் கேம்ப் வாழ்க்கைதான். எனக்கு ஒன்பது வருஷம். ரூமில் பன்னிரண்டு பேர், பாஸ்போர்ட் கஃபீல் கையில். இவன் அப்படிப் படுக்கக்கூடாது என்றுதானே இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "கேட்டியளா, அண்ணைக்கு நீங்க கல்ஃப் வேலைக்குக் கையெழுத்துப் போடலன்னா இப்பவும் குளச்சல்ல வலை இழுத்துட்டு இருப்பிய" என்றாள்.

அதுவும் சரி. அப்படியானால் எது தப்பு? தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

சர்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

கல்ஃபுக்குப் புதிதாக வருகிறவனிடம் நான் முதலில் சம்பளம் கேட்கமாட்டேன். ரிட்டர்ன் டிக்கெட் யார் போடுவது என்று கேட்பேன். அதையே ஆல்வினிடம் கேட்டேன்.

"ரிட்டர்ன் டிக்கெட்டா?"

"உன்ன வேண்டாம்னு அனுப்பினா, விட்ட படிப்பு செலவ அவன் தரணும் மக்கா. எழுதி வாங்கு. தரலன்னா காலேஜுக்குப் போ."

முனகினான். கேட்கிறேன் என்றான்.

மறுப்பார்கள். பேரம் இழுக்கும். அதற்குள் பையன் மனசு யூனி. பக்கம் திரும்பும். என் திட்டம் இதுதான். ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

கடையில் ஏசி மக்கர். காலையிலேயே சட்டை நனைந்தது.

ஆல்வின் சிரிப்போடு போன். "அப்பா, ரெண்டே நிமிஷம். ஓகே சொல்லிட்டாங்க. யூ ஆர் எ ஜீனியஸ்."

"பேரமே பேசலியா?"

"இல்லப்பா. அதுக்குன்னு அச்சடிச்ச பேப்பரே வச்சிருக்காங்க. என் பேரை மட்டும் எழுதினாங்க. நான் சைன் பண்ணிட்டேன்."

ஸ்டெல்லா கேக் வாங்கச் சொன்னாள். வாங்கினேன். குல் பாய் ரெண்டு துண்டு சாப்பிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருந்தால் ஒருத்தன் அதற்கென்று ஃபாரம் அடித்து வைப்பான்?

ஆல்வினிடம் கேட்கவில்லை. "நல்லா எறி மக்கா" என்றேன்.