மரத்தில் ஏறிய வில்லாளி

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் தோற்றார்கள். பல் டாக்டரின் கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை. காத்திருப்போர் அறையில்தான் எங்கள் பகடை ஆட்டம்: கதை சொல்வதும் பூதங்களை ஏவுவதும் நான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். மீன்தொட்டியின் குமிழிச் சத்தம் சதுப்பு நிலத்துக்குப் பொருந்திப் போகிறது. மூடுபனிக்குள்ளிருந்து கொம்புள்ள பூதத்தை எழுப்பினேன். அக்காவின் வாள்வீராங்கனை ஐந்தாம் சுற்றில் விழுந்தாள். டாக்டரின் திருடன் அவளையும் அத்தானின் மந்திரவாதியையும் இழுத்துக்கொண்டு ஓடினான்.

பகடைகளைப் பொறுக்கியபடி அத்தான் கேட்டார்: "எங்க மேல கோவம்னா நேரா சொல்லிடு மச்சான். எதுக்கு பூதத்தை விட்டு அடிக்கிறே?"

என் மனைவி மாற்றலாகி வேறு ஊருக்குப் போய் இது ஐந்தாவது ஞாயிறு. அவளுடைய வில்லாளியைச் சதுப்பின் ஓரத்தில் ஒரு மரத்தில் காவலுக்கு ஏற்றிவிட்டு மற்ற மூவரும் உள்ளே போனார்கள். வில்லாளி இன்னும் மரத்தில்தான் இருக்கிறாள்.

மார்ச் 6, புதன்

போனில் அவள். அங்கேயே நிரந்தரமாக இருப்பதா, திரும்புவதா என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"என்ன எழுதட்டும்?"

"உன் இஷ்டம்."

ஜனவரியில் மாற்றல் உத்தரவு வந்தபோதும் இதையேதான் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

தோல்வி. "இதுக்கு வீட்ல துணியாவது மடிச்சிருப்பேன்" என்றாள் அக்கா. இன்னும் ஒரு வாரம் பார்ப்பார்களாம். அப்புறம் நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர்.

மார்ச் 13, புதன்

விடியற்காலைக் கனவு. எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் நடைவழி. கணுக்கால் வரை தண்ணீர். நடக்க நடக்கச் சுவர்கள் மரங்களாகின்றன. ஒரு கிளையில் அவள், காலை ஆட்டிக்கொண்டு, வில்லுக்கு நாண் கட்டுகிறாள். கீழே வா என்று கூப்பிட வாயைத் திறக்கிறேன். "உன் இஷ்டம்" என்றுதான் வருகிறது. விழித்த பிறகும் கால் சில்லிட்டிருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

டீ இடைவேளையில் டாக்டர், என் முன்னால் நிற்கும் அட்டை மறைப்புக்குப் பின்னால் இருந்த பூதக் கணக்குத் தாளை எடுத்துவிட்டார். வழக்கமாக யாரும் அதைத் தொடுவதில்லை.

"ஆடுற ஆளுக்கு முப்பதுன்னு பூதத்துக்கு உயிர்ப்புள்ளி. அதானே சார் உங்க கணக்கு?"

"ஆமா."

"அப்ப மூணு பேருக்கு பூதம் தொண்ணூறுல சாகணும். இங்க நூத்திருபதுன்னு இருக்கே?"

பார்த்தேன். என் கையெழுத்துதான். ஆட்கள்: 4. முந்தைய ஆறு தாள்களையும் எடுத்தேன். எல்லாவற்றிலும் 4.

இருபத்தாறு வருடமாகச் செய்தி எழுதுகிறேன். விபத்தில் எத்தனை பேர் என்று மூன்று இடத்தில் விசாரிக்காமல் ஒரு வரி எழுதியதில்லை. இது எப்படி — ஏழு வாரம் — கண்ணுல படவே இல்லையே?

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "பூதம் கெடக்கட்டும். அவகிட்ட ஒரு தடவையாவது வான்னு சொன்னியாடா?"

மார்ச் 20, புதன்

அழைத்தேன். தாளைப் பற்றிச் சொன்னேன். நாலு, நாலு, நாலு என்று ஏழு வாரம்.

சிரித்தாள். "பாவம் அண்ணி. எத்தனை தடவ விழுந்தாங்க?"

"அஞ்சு."

"இதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

"இல்ல. வந்துடு."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். இருக்கலாம். பால் பொங்கியிருக்கலாம்.

மார்ச் 24, ஞாயிறு

அக்காவுக்குக் காய்ச்சல். ஆட்டம் இல்லை. போனும் இல்லை.

மார்ச் 30, சனி

புதுத் தாள். ஆட்கள்: 3. உயிர்ப்புள்ளி: 90. அந்த மூன்றை எழுத எவ்வளவு நேரம்! மனசு கேக்கல. ஆனா அதுதானே உண்மை? சுற்றுக்கு இரண்டாக இருந்த பூதத்தின் கொம்புக் குத்தில் ஒன்றையும் எடுத்துவிட்டேன். பாவம், அவர்கள் ஒரு முறையாவது ஜெயிக்கட்டும்.

மார்ச் 31, ஞாயிறு

நாலு மணிக்குப் பனியை இறக்கினேன். பூதம் எழுவதற்குள் கிளினிக்கின் கண்ணாடிக் கதவு திறந்தது. அவள். நேராக வந்து அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் மரத்துலதானே இருக்கேன்?"

"ஆமா."

"இறங்கிட்டேன்."

இரண்டாவது சுற்றிலேயே பூதம் சரிந்தது. கடைசி அம்பு அவளுடையது. "என்ன மச்சான், இன்னிக்கு பூதத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் அத்தான்.

மறைப்புக்குப் பின்னால் பென்சில் என் கையில்தான் இருந்தது. மூன்றை நான்காக்கி, முப்பதைக் கூட்டியிருக்கலாம்; யாருக்கும் தெரிந்திருக்காது. கூட்டவில்லை.

மாற்றலாகிப் போகும்போது அவள் கொண்டுபோன பெட்டிகள் இரண்டும் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றிருந்தன.