துருப்பிடிக்காத ஏழாம் நம்பர் பை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்க தோள்பட்டை வலி தேவலையா? வெல்டிங் பண்றப்போ கண்ணாடி போடுறீங்கதானே?

ஒரு விஷயம், பதறாதீங்க. எங்க ஆய்வகத்துல ரத்தப் பைகளை ஆறு வாரம் குளிர்ல வெச்சு, சிவப்பணு எவ்வளவு கெடுதுன்னு பார்க்கிறோம். ரத்தத்துலயும் இரும்பு இருக்கு, ஆக்ஸிஜன் பட்டுப் பட்டு அதுவும் ஒரு மாதிரி துருப்பிடிக்கும். நீங்க இரும்புக் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடிப்பீங்களே, அந்த மாதிரி அணுவுக்குள்ளயே ஒரு காவல் உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறும். ரத்தம் கொடுக்க வேண்டிய இருபது பேர்ல ஒரு ஆள் குறைஞ்சதால நானும் கொடுத்தேன். லேசா தலை சுத்துச்சு, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

பையில நம்பர் மட்டும்தான் இருக்கும். நேத்து ஆறாவது வாரம் முடிஞ்சு பார்த்தா, இருபது பையில ஏழாம் நம்பர்தான் ரொம்பக் குறைவா கெட்டிருந்துச்சு. பட்டியலைப் பிரிச்சா என் பேர். "இந்தக் காவல் பரம்பரையாவும் வரும், யார்கிட்டேருந்து வந்துச்சு?"ன்னு எங்க டாக்டரம்மா கேட்டாங்க. "துருவோட முப்பது வருஷமா மல்லுக்கட்டுற மனுஷன்கிட்டேருந்து"ன்னேன். இந்தப் பெருமையில அம்மா பங்கு கேட்டா பாதி கொடுத்துடுங்க.

வேலைக்கு நேரமாச்சு. குளிர் அறையில கோட்டுக்குள்ள போட்டுக்க உங்க பட்டறைச் சட்டை ஒண்ணு அனுப்புங்க. துவைக்க வேண்டாம்.

உங்க மகள்