படம் எடுக்க இரண்டு பேர்

இன்று காலை உன் மனைவி கடைக்கு வந்தார். ஒரு பழைய துவாயை மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே உன் கமரா, அதில் பொருத்தியபடியே அந்தப் பழைய லென்ஸ். துவாயில் அலுமாரிக்குள் நெடுநாள் கிடந்த துணியின் மணம்.

"புது லென்ஸை என்ரை தம்பி கேட்டவன், குடுத்திட்டன். இதை ஆருக்கும் குடுக்க மனமில்லை அண்ணை. உங்களிட்டையே இருக்கட்டும்," என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டார். பரந்தனில் அந்த நேரம் கடையில் வேறு யாரும் இல்லை. திருத்த வந்த போன்களை ஒதுக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல்தடவை நீ இந்தக் கடைக்கு வந்ததும் இந்த இரண்டையும் கொண்டுதான். கமரா யாரோ பாவித்துக் கொடுத்தது, ஆனால் புதுக் காலத்தது. லென்ஸ் பிலிம் காலத்து இரும்புச் சாமான்.

"இது ரெண்டையும் பொருத்தலாமோ?" என்று கேட்டாய்.

சண்டை கிட்ட வந்தபோது கண்டாவளையில் வீட்டுக்குப் பின்னால் உன் பழைய கமராவைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனதைச் சொன்னாய். முகாமிலிருந்து திரும்பி வந்து தோண்டியபோது கமரா துருவேறிப் போயிருந்தது. லென்ஸின் ஓரத்தில் மட்டும் சிலந்தி நூல்போலக் கொஞ்சம் பூஞ்சணம். புதைத்தபோது உனக்கு இரண்டு கையும் இருந்தன. தோண்டும்போது வலது கைதான் மிச்சம். அதை நீ சொல்லவில்லை. மடித்துக் குத்தியிருந்த சட்டைக் கையைப் பார்த்து நானே விளங்கிக்கொண்டேன்.

இடையில் போடும் வளையத்தை இணையத்தில் தேடி எடுப்பித்தேன். வந்துசேர ஒன்றரை மாதமானது. பூட்டினால் 'லென்ஸ் இல்லை' என்று கமரா அடம்பிடித்தது. லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க விடும் அமைப்பொன்று உள்ளே இருந்தது; அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் போனது. திரையில் என் கடை மணிக்கூடு மங்கலாகத் தெரிந்ததும் நீ சின்னப்பிள்ளைபோலச் சிரித்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த லென்ஸ் தானாகத் தெளிவு பிடிக்காது. வலது கை கமராவைப் பிடித்துப் பொத்தானை அமத்த வேண்டும். இடது கை லென்ஸைத் திருப்ப வேண்டும்.

"இதை ஆர் திருப்புறது?" என்றேன்.

"அதுக்குத்தானே உன்னட்டை வந்தனான்."

அப்படித் தொடங்கியவைதான் நம் ஞாயிற்றுக்கிழமைகள். கமராவின் வார் உன் கழுத்தில் இருக்கும். நான் இடப்பக்கம் நின்று லென்ஸைத் தாங்கிக்கொண்டு திருப்புவேன். "இன்னும்... இன்னும்... கூடிப்போச்சு, கொஞ்சம் பின்னுக்கு... நில்!" ஆனையிறவில் உப்பு அள்ளுபவர்களை எடுத்தோம். கொக்கிளாய்க் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நம்மைக் கண்டு வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஒரு படம் எடுக்க ரெண்டு பேரோ மக்கள்?"

"ஓம் அம்மா, ஒராளிலை நம்பிக்கை இல்லை," என்றாய். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் படமானது. கன்னச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவு. பின்னால் கடல் பால்போலக் கரைந்திருந்தது.

பிறகு கலியாண வீடுகளுக்கும் கூப்பிட்டார்கள். ஒரு கலியாணத்தில் தாலி ஏறும் நேரம் என் போன் அடித்தது. நான் குனிந்து சட்டைப்பையைப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்நேரத்துப் படங்கள் எல்லாம் மங்கல். பெண்ணின் தகப்பன் சபை நடுவே உன்னைத்தான் ஏசினார். "என்ரை பிழைதான் ஐயா," என்று நீ சொன்னாய். திரும்பி வரும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மாதம் தானாகத் தெளிவு பிடிக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி உன்னிடம் கொடுத்தேன்.

"இனி நீ தனியச் செய்யலாம். ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

நீ அதைக் கையில் வைத்து நிறுப்பதுபோல் அசைத்துப் பார்த்தாய். "தனியச் செய்யலாம்தான்," என்றாய். நன்றியும் சொன்னாய். நீ எனக்கு நன்றி சொன்னது அன்று ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு நீ வரவில்லை. வேலை கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே கூடித்தான் இருந்தது. பல மாதம் கழித்து, ஒரு பிறந்தநாள் வீட்டில் எடுத்த படங்களைப் போனில் அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: 'எல்லாம் நல்ல தெளிவு. ஒருத்தரும் சிரிக்கேல்லை.' நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மாரி தொடங்கியது. வயலில் நின்ற உனக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட நினைத்திருந்த நாளில் செத்தவீட்டுக்கு வந்தேன். உன் மனைவி என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணை, அவரின்ரை நல்ல படம் ஒண்டு உங்களிட்டை இருக்கும்தானே?"

கடைக்கு ஓடி வந்து கணினி முழுக்கத் தேடினேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் எடுத்த அத்தனை முகங்களுக்கிடையே உன் முகம் ஒன்றுகூட இல்லை. எந்நேரமும் நாம் இருவரும் கமராவுக்கு ஒரே பக்கத்தில் நின்றவர்கள். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துத்தான் மாலை போட்டார்கள். அதில் நீ யாரையோ கோபித்துக்கொண்டவன்போல இருந்தாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். பெரிதாக ஒருவரும் வருவதில்லை. "வீட்டிலை இருங்கோவன்," என்று என் மனைவி சொல்கிறாள். வீட்டில் இருந்தாலும் அன்று பொழுது நகராது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறொன்று. அந்தப் புது லென்ஸை உன் நன்மைக்காக வாங்கினேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உன் மனைவியும் இன்று அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சலித்துப்போயிருந்தது. அதுதான் உண்மை. ஒவ்வொரு ஞாயிறும் உன் பக்கத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்க அலுத்துவிட்டது. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீ வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பாய். இரண்டு கிழமை கதைக்காமலும் இருந்திருப்பாய். மூன்றாம் ஞாயிறு வந்திருப்பாய்.